காந்த மூடி வைத்த கோட்

ஆனைமலைத் தேயிலைக் காடுகளில் ஒரு சிறிய குழு இருந்தது. விடியும்போது ட்ரோனைப் பறக்கவிட்டு, யானைகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. அவர்கள் சொன்ன பிறகுதான் கொழுந்து எடுக்கும் பெண்கள் காட்டுக்குள் இறங்குவார்கள்.

குழுவுக்கு ஆசிரியை பியூலா. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் கற்க வந்தவர்களில் மூத்தவர் சென்னியப்பன். உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் பல வருடம் கண்டக்டராக இருந்தவர். முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டார். நரைத்த தலையோடு மலைக்கு வந்தார்.

வந்த அன்று பியூலா அவரிடம் ட்ரோனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"ரெண்டு விசில் எப்ப அடிப்பீங்கண்ணே?"

"வண்டி கெளம்பறதுக்குங்க."

"அது எனக்கும் தெரியும். எப்ப அடிப்பீங்க?"

சென்னியப்பன் யோசித்தார். "கடைசி ஆளு கால் படியில ஏறுனதைப் பார்த்தப்புறம்."

"கூட்டத்துல பார்க்க முடியலைன்னா?"

"எறங்கிப் போய்ப் பார்ப்பேன்."

"நாளைக்கு வந்துடுங்க" என்றாள் பியூலா.

குழுவில் எல்லோருக்கும் கையில்லாத காக்கிக் கோட் ஒன்று உண்டு. அதில் நிறையப் பைகள். நிறைந்த பேட்டரி வலப்பக்கம். தீர்ந்தது இடப்பக்கம், தலைகீழாக. உதிரி இறக்கைகள் முதுகில். கண்ணாடி துடைக்கும் துணி, அட்டைக்கடிக்குப் புகையிலைத் தூள் இவற்றுக்கெல்லாம் தனித்தனி இடம். மலைச்சரிவில் பெட்டியைக் கீழே வைத்துத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. வேண்டியதெல்லாம் உடம்பின் மேலேயே இருக்க வேண்டும்.

சென்னியப்பனுக்கு இது பிடித்துப்போயிற்று. அவர் விரல்கள் தோல்பைக்குப் பழகியவை. இரண்டாம் நாளே கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுத்தார். மற்றவர்கள் தங்கள் பைகளைத் தடவிக்கொண்டிருக்கும்போது, "டிக்கெட் எடுத்தாச்சா, டிக்கெட் எடுத்தாச்சா" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஒன்றுதான் பிடிக்கவில்லை. பைகளின் மூடிகளெல்லாம் நாடாவால் கட்டப்பட்டிருந்தன. பனியில் விரைத்த விரல்களுக்கு முடிச்சு வசப்படவில்லை.

"ஏனுங்க டீச்சர், இந்தக் காலத்துல நாடா எதுக்குங்க? அவுக்கறதுக்குள்ள யானை கேரளா போய்ச் சேர்ந்துரும்."

"போனா நல்லதுதானேண்ணே."

இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிய இடத்தில் பறக்கவிடும் முன் ட்ரோனுக்குத் திசை காட்ட வேண்டும். அதை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு முழுச்சுற்று சுற்ற வேண்டும். பிறகு மூக்கைக் கீழே சாய்த்துப் பிடித்து இன்னொரு சுற்று. அந்த நேரத்தில் எல்லோரும் கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிடுவார்கள். கொட்டும் மழையிலும் கழற்றுவார்கள்.

"கோயிலுங்களா இது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"இரும்பு ஆகாதுண்ணே. திசை பார்க்கற முள்ளு குழம்பிடும்."

"அப்ப இரும்பை மட்டும் எடுத்துட்டாப் போதாதுங்களா?"

"கழட்டிடுங்க" என்றாள் பியூலா. அதற்கு மேல் சொல்லவில்லை.

மழைக்காலம் முடியும்போது, ஒரு சனிக்கிழமை மாலை, பியூலா அவரைக் கூப்பிட்டாள்.

"திங்கக்கிழமை நான் கீழ்ச்சரிவுக்குப் போறேன். மேற்சரிவை நீங்க தனியாப் பாருங்க. சரியா வந்துச்சுன்னா இனி அந்தச் சரிவு உங்களோடது."

சென்னியப்பன் அன்றிரவே பொள்ளாச்சிக்கு இறங்கினார். அங்கே மார்க்கெட் ரோட்டில் தெரிந்த தையல்காரர் ஒருவரிடம் முன்பே ஒரு கோட் தைக்கக் கொடுத்திருந்தார். அதே காக்கி, அதே பைகள், அதே வரிசை. நாடாவுக்குப் பதில் ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒரு சின்னக் காந்தத்தைத் துணிக்குள் வைத்துத் தைத்திருந்தார் தையல்காரர். விட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் திறக்கும்.

சென்னியப்பன் கடையிலேயே அதைப் போட்டுக்கொண்டு மூடிகளைத் திறந்து மூடிப் பார்த்தார். டப், டப் என்றது.

"கல்யாணத்துக்கே போட்டுட்டுப் போலாம்" என்றார் தையல்காரர்.

திங்கட்கிழமை அவர் மேற்சரிவுக்குப் போனபோது பியூலா கீழ்ச்சரிவுக்குப் போய்விட்டிருந்தாள். அவருடைய புதிய கோட்டை அவள் பார்க்கவில்லை.

மேற்சரிவில் ரோட்டோரம் பெண்கள் காத்திருந்தார்கள். ஒன்பதாம் நம்பர் காட்டில் அன்றைக்குக் கொழுந்து. சூப்பர்வைசர் சுகுமாரன் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரல் அடித்தது.

"இன்னைக்குக் கண்டக்டர் ஒத்தையாவா?" என்றாள் அங்கம்மா. பெண்களில் வாய் அதிகம் உள்ளவள் அவள். "புதுக்கோட்டெல்லாம் பலமா இருக்கு."

"பின்னாடி சீட்டு காலியா இருக்குது, போய் உக்காருங்க" என்றார் சென்னியப்பன். பெண்கள் சிரித்தார்கள்.

அவர் பைகளிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ரோட்டோரத் திட்டின் மேல் வைத்தார். கத்தியை வைத்தார். போனையும் வாக்கிடாக்கியையும் வைத்தார். திருப்புளியை வைத்தார். பழைய பிளாஸ்டிக் விசிலில் இரும்பு இல்லை. ஆனாலும் அதன் வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பையையும் தடவிப் பார்த்தார். இரும்பு எதுவும் இல்லை. சாரல் வலுத்தது. கோட்டோடு நின்றே ட்ரோனை நெஞ்சுக்கு முன்னால் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். சாய்த்துப் பிடித்து இன்னொரு சுற்று சுற்றினார்.

ட்ரோன் ஏறியது. மூடுபனிக்கு நடுவே, கையில் பிடித்த ரிமோட்டின் திரையில் மரங்கள் வந்தன. பிறகு கரிய முதுகுகள் வந்தன. ஐந்து யானைகள். ஒன்றின் காலடியில் குட்டி. ட்ரோன் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் அம்பு, ஒன்பதாம் நம்பர் பக்கம் இல்லை, ஓடைப் பக்கம் என்றது.

"ஓடைப் பக்கம் நிக்குதுங்க" என்றார்.

"அப்ப ஒன்பதாம் நம்பர் சரிதானே?" என்றார் சுகுமாரன். "எறங்குங்கம்மா, ஏற்கனவே லேட்டு."

பெண்கள் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கினார்கள்.

சென்னியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலை அசைக்கவில்லை. படம் அசைந்தது. அண்ணாந்து பார்த்தார். நிற்கச் சொன்ன ட்ரோன் நிற்காமல் வானத்தில் சின்ன வட்டம் போட்டது. காற்று என்று நினைத்தார். சில்வர் ஓக் மரங்களின் இலைகள் ஆடவில்லை. அடுத்த வட்டம் பெரிதாக இருந்தது. அதற்கடுத்தது இன்னும் பெரிதாக இருந்தது. அம்பு மட்டும் ஓடைப் பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தது. பிறகு பனி மூடி, திரை வெள்ளையாயிற்று.

அவர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஒரே ஒரு முறை ஊதினார்.

பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்திகூட அடுத்த அடி வைக்கவில்லை. பஸ்ஸில் போய் வந்தவர்கள்தானே.

அங்கம்மா திரும்பிப் பார்த்தாள். "இங்க ஸ்டாப்பிங் ஏதும் இல்லையே கண்டக்டரே?"

"மேல வாங்க. எல்லாரும் மேல வாங்க."

"என்னங்க ஆச்சு?" என்றார் சுகுமாரன். "யானை எங்க?"

"தெரியலைங்க."

"இப்பத்தானே ஓடைப் பக்கம்னீங்க?"

"சொன்னேனுங்க. இப்பத் தெரியலை."

"என்னங்க இது வெளையாட்டா? காலையில ஒரு பேச்சு, காப்பி குடிச்சா ஒரு பேச்சா? நான் மேலே என்ன பதில் சொல்றது?"

"தெரியலைன்னு சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியலைன்னா நான் ஏன் திட்டு வாங்கணும்?"

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு மேலே ஏறிவந்தார்கள். ட்ரோன் கட்டுக்கு அடங்காமல் தாழ்ந்து, ரோட்டுக்கு மேல்பக்கத் தேயிலைச் செடிகளின் நடுவில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கி கரகரத்தது. பியூலாவின் குரல். கீழ்ச்சரிவிலிருந்து அவள் தன் ட்ரோனை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணே, ஒன்பதாம் நம்பர்ல நிக்குது. அஞ்சு, ஒரு குட்டி. யாரும் எறங்கிடலையே?"

"இல்லைங்க டீச்சர். ரோட்டுலதான் இருக்காங்க."

அங்கம்மா பாதையைப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த சாக்கைக் கீழே இறக்கி வைத்தாள். சுகுமாரன் பாக்கெட்டிலிருந்து பீடியை எடுத்தார். பற்றவைக்கவில்லை.

பியூலா வந்தபோது சென்னியப்பன் உடைந்த இறக்கையோடு ட்ரோனை மடியில் வைத்துக்கொண்டு திட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன் டீச்சர். ஓடைப் பக்கம்னு சொன்னேன்."

"ம்."

"எறங்கப் பார்த்தாங்க."

"ம்."

"ஏனுங்க இது இப்படிப் பண்ணுச்சு? இரும்பை எல்லாம் எடுத்துட்டேன். பாருங்க, சாவி, கத்தி, போனு, வாக்கிடாக்கி, திருப்புளி. விசில் வளையத்தைக்கூடக் கழட்டிட்டேன்."

பியூலா கழுத்தில் தொங்கிய சின்னத் திசைகாட்டியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கையை நீட்டிப் பிடிங்க. முள்ளு எங்க இருக்கு?"

"வடக்கே, அந்த மொட்டை மலைப் பக்கம்."

"நெஞ்சுகிட்டக் கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். முள் நடுங்கியது. மலையை விட்டுத் திரும்பியது. அவர் மார்புப் பையைப் பார்த்து நின்றது.

சென்னியப்பன் பையைத் திறந்து காட்டினார். டப் என்று திறந்தது. "காலிங்க டீச்சர். உள்ள ஒண்ணுமே இல்லை."

பியூலா அவர் கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் குனிந்து அதைப் பார்த்தார். மூடியை விட்டார். தானாக ஒட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார். விட்டார். ஒட்டிக்கொண்டது.

"பையில இருந்ததையெல்லாம் எடுத்தேன்" என்றார் மெதுவாக.

"எடுத்தீங்க."

"ஆனா டீச்சர், நான் இங்கதானே நின்னேன். கோட்டும் எங்கூடத்தானே இருந்துச்சு. அது அத்தனை தூரம் போனப்புறமும் ஏன் குழம்பணும்?"

"நீங்க சுத்தினப்ப காந்தமும் கூடவே சுத்துச்சு. ட்ரோன் அதையும் தன் உடம்புல ஒரு உறுப்புன்னு எடுத்துக்கிச்சு. மேல போனப்புறம் அந்த உறுப்பு இல்லை. வடக்கு எதுன்னு அதுக்குத் தெரியலை."

சென்னியப்பன் கோட்டைக் கழற்றினார். பேட்டரிகளை எடுத்துத் திட்டில் வரிசையாக வைத்தார். நிறைந்தவை ஒரு பக்கம், தீர்ந்தவை ஒரு பக்கம், தலைகீழாக. கோட்டை மடித்தார்.

"மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பிக்கறேன் டீச்சர்."

பியூலா தன் முதுகுப் பையின் நாடாவை அவிழ்த்து ஓர் இறக்கையை எடுத்தாள். உடைந்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். தன் கோட்டையும் கழற்றிக் கிளையில் தொங்கவிட்டாள். ட்ரோனை அவரிடம் நீட்டினாள்.

"சுத்துங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு சாரலில் நனைந்த சட்டையோடு சுற்றினார். ஒரு சுற்று. சாய்த்துப் பிடித்து இன்னொரு சுற்று.

ட்ரோன் ஏறியது. நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. பனி விலகியிருந்தது. யானைகள் ஒன்பதாம் நம்பரை விட்டு மேட்டைத் தாண்டிச் சோலைக்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன. குட்டியின் வால் கடைசியாகத் தெரிந்து மறைந்தது. அம்பு சோலைப் பக்கம் என்றது. அவர் திரையையும் மொட்டை மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெண்கள் எழுந்து சேலையை உதறிக்கொண்டார்கள். "என்னங்க, இப்பவாவது எறங்கலாமா?" என்று சுகுமாரன் பியூலாவிடம் கேட்டார்.

சென்னியப்பனும் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். என் பேச்சை இனி யாரு நம்புவா? நானே நம்பமாட்டேன்."

"நிறுத்தினது யாருண்ணே?"

"நானுங்க."

"எதைப் பார்த்து நிறுத்தினீங்க?"

"எதையும் பார்க்கலைங்க. பார்க்க முடியலை. அதான் நிறுத்தினேன்."

"அப்ப நிறுத்தினவர்தானே அனுப்பணும்."

சென்னியப்பன் விசிலை எடுத்து வாயில் வைத்தார். பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் ஊதவில்லை. ட்ரோனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி, ஒன்பதாம் நம்பர் காட்டின் கடைசித் தேயிலை வரிசையை ஒருமுறை பார்க்கப் போனார்.