மீட்டர் சோதனை

“மேடம், இன்னிக்கும் நூத்தி எழுபத்தெட்டு காட்டுது,” என்றார் ஏகாம்பரம்.

நீச்சல் குளத்தின் நட்டநடுவில், தடுப்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி சொன்னார். உதடு வெளுத்திருந்தது. கடிகாரம் கட்டிய இடது கை மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தது.

கரையில் நின்ற நீச்சல் பயிற்சியாளர் மரியசெல்வி கேட்டாள். “நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல.”

“தலை சுத்துதா?”

“அதெல்லாம் இல்ல. ஆனா நூத்தி எழுபத்தெட்டுன்னு போட்டிருக்கே!”

“கயித்தைப் பிடிச்சுக்கிட்டே வாங்க.”

வந்தார். அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். ஆனாலும் தண்ணீரில் இறங்கிவிட்டால் அவள்தான் குரு.

ஏகாம்பரம் மின்வாரியத்தில் முப்பது வருடமாக மீட்டர் சோதிக்கிறவர். போன ஆண்டு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். தாராளமாக நீந்தலாம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். மகள் இந்தக் கடிகாரத்தை வாங்கிக் கட்டிவிட்டாள். நாடித்துடிப்பைச் சொல்லும், எத்தனை முறை குளத்தைக் கடந்தோம் என்று எண்ணும். அன்றைக்குப் பிடித்தது சனி.

ஆறு வாரமாகியும் அவர் ஒரு நாள்கூட எதிர்க்கரையைத் தொட்டதில்லை. பத்துக் கை வீசுவார், நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். அப்படி நடுவில் நின்று கிளம்புவதையெல்லாம் சுவரைத் தொட்டுத் திரும்பியதாக அது எண்ணிக்கொள்ளும். ஒரு தடவைகூடக் கடக்காத மனிதருக்குத் தினமும் பதினான்கு தடவை என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்கும். அந்தக் கணக்கை அவர் துளியும் நம்பவில்லை. நாடித்துடிப்பை மட்டும் வேதவாக்காக நம்பினார்.

பயம்தான், வேறொன்றுமில்லை. குளத்தின் நடுவில் இதயம் நின்றுவிடும் என்ற பயம். போன வாரம் பேத்தியைத் தூக்கப் போனவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். குழந்தை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மரியசெல்வி அவர் கழுத்தில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

“நூத்திப் பத்துதான் சார். கைக்கும் கடிகாரத்துக்கும் நடுவுல தண்ணி போனா இது தப்பாக் காட்டும்.”

“ஒருவேளை தப்பா இல்லேன்னா?”

அவள் அவர் கழுத்திலிருந்து விரலை எடுத்தாள்.

“நாளையிலேர்ந்து நான் வரல மேடம். என்னால முடியாது.”

“மீட்டர் தாறுமாறா ஓடுதுன்னு புகார் வந்தா நீங்க என்ன செய்வீங்க?”

அந்த நிலையிலும் தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவர் குரல் தேறியது. “வீட்டுல எல்லாத்தையும் அணைச்சிட்டுப் பாப்போம். லோடே இல்லாம ஓடுச்சுன்னா மீட்டர்ல கோளாறு.”

“சோதிச்சிடலாம். கழட்டிக் குடுங்க.”

“அது இல்லாம நீந்துறதா!”

“என் கையில இருக்கட்டும். நான் இங்கேயே ஆடாம அசையாம நிக்கிறேன். லோடு கிடையாது. அந்தக் கரையைத் தொட்டுட்டு வந்து, என்ன காட்டுதுன்னு பாருங்க.”

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் தன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கயிறு கட்டிய மிதவையைக் காலடியில் போட்டுக்கொண்டு நின்றாள்.

ஏகாம்பரம் போனார்.

பத்துக் கை வீசியதும் பழக்கத்தில் கையைத் தூக்கிப் பார்த்தார். கடிகாரம் கட்டியிருந்த வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

கீழே தரை விலகிக்கொண்டே போய், தண்ணீர் கருநீலமானது. நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. எவ்வளவு என்று தெரியவில்லை. நூறோ, இருநூறோ. செத்தோம் என்று நினைத்தார். கயிற்றைப் பிடிக்கக் கை நீண்டது. பிடித்தாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு கை வீசினார். அப்புறம் இன்னொன்று.

விரல் சுவரில் இடித்தது.

திரும்பி வரும்போதும் பயம் கூடவே வந்தது. ஆனால் அவரை நிறுத்தவில்லை.

“தொட்டுட்டேன்!” என்று மேல்மூச்சு வாங்கக் கத்தினார். படியேறி வந்தவர், முதல் வேலையாக அவள் கையைத் திருப்பிப் பார்த்தார்.

நூற்று நாற்பத்து மூன்று.

“நீங்க அசையவே இல்லையா?”

“இல்ல சார்.”

“அப்ப லோடே இல்லாம ஓடுது. மீட்டர்லதான் கோளாறு!” முகமெல்லாம் சிரிப்பு.

மரியசெல்வி அவருடைய விரலைப் பிடித்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள். நாடி தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவர் சிரிப்பு நின்றது.

“மீட்டர் சரியாத்தான் சார் காட்டுது.”

“பின்ன ஏன் இப்படி?”

“நீங்க போயிட்டு வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்.”