கை சுட்ட கெண்டி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஜெபக்கூட்டத்துச் சுகிர்தம் மதினி. என் சின்ன மகளுக்குப் பிள்ளை பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சொன்னார்கள்.

ஒரு மலைக்காட்டில் விடாத மழை. உச்சிப் பாறையில் ஒரு மான் அன்றுதான் குட்டி போட்டிருந்தது. குளிரில் நடுங்கி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. தாய் எழுந்து நின்றால்தான் குட்டிக்குப் பால்.

அடிவாரத்தில் கரடி சுக்குத் தட்டிப் போட்டு டீ காய்ச்சியது. "சூடாக ஒரு வாய் உள்ளே போனால் எழுந்துவிடுவாள். யார் கொண்டு போவது?"

"நான் போறேன் மாமா!" என்று குதித்தது குரங்கு.

கரடியிடம் மூக்கு வைத்த கெண்டி இரண்டு இருந்தன. ஒன்று மெல்லிய செம்பு. இன்னொன்று தடித்த மண், மேலே நார் சுற்றியது. இரண்டிலும் டீயை ஊற்றிவிட்டு, "எதில் சூடு நிற்குமோ, பார்த்து எடுத்துக்கோ" என்றது கரடி.

குரங்கு மண்கெண்டியைத் தொட்டது. "என்ன மாமா, தவளை முதுகு மாதிரி சில்லுன்னு இருக்கு!"

செம்பைத் தொட்டது. "ஆத்தாடி, சுட்டுட்டுது! இதுதான் கெண்டி! நான் சூடா டீ கொண்டு போறது நாலு பேருக்கும் தெரியணுமில்லே!"

வழியில் முள்ளம்பன்றி கேட்டது: "கையிலே என்னப்பா?"

"மானக்காவுக்கு டீ. தொட்டுப் பாரு!"

"அம்மாடி, என்ன சூடு! உன் மனசு யாருக்கு வரும்!"

குரங்குக்குக் கால் தரையில் பாவவில்லை. மயிலைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னது. முயலைக் கூப்பிட்டது. தூங்கிக் கிடந்த ஆமையையும் தட்டி எழுப்பியது.

ஆமை தலையை நீட்டித் தொட்டது. "இதுவா சூடு? என் ஓடு இதைவிடத் தேவலை!"

"உனக்குத் தோல் தடிப்பு!" என்று சொல்லிவிட்டு மேலே ஏறியது குரங்கு.

மான் ஒரு வாய் குடித்தது. டீ பச்சைத் தண்ணீராய் ஆறிப்போயிருந்தது. நடுக்கம் நிற்கவில்லை. ஆனாலும், "இந்த மழையிலே எனக்காக ஏறி வந்தியே, தம்பி. நல்லா இரு" என்றது. குட்டி தாயின் மடியை முட்டி முட்டிப் பார்த்துக் கத்தியது.

குரங்குக்குத் தலை நிமிரவில்லை. மான் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும்.

ஒரே ஓட்டமாய்க் கீழே வந்தது. "மாமா, அடுப்பை மூட்டுங்க! டீ ஆறிப்போச்சு!"

"விறகெல்லாம் நனைஞ்சு போச்சேடா. நீ வேண்டாம்னு விட்டுட்டுப் போனது அப்படியே இருக்கு, பாரு."

குரங்கு மண்கெண்டியின் மூடியைத் தூக்கியது. குபீரென்று ஆவி முகத்தில் அடித்தது. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

கெண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரும் நடமாடாத முள்வழியாக ஏறியது. மான் குடித்தது. காதை ஆட்டியது. மெல்லக் கால் ஊன்றி எழுந்தது. குட்டி ஓடிவந்து மடியில் வாய் வைத்தது.

மறுநாள் முள்ளம்பன்றி, "உன் புண்ணியத்திலேதான் மானக்கா பிழைச்சா!" என்றது. குரங்கு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டது.

பிறர் மெச்சச் செய்கிற உதவி, வேண்டியவரிடம் போய்ச் சேருமுன் ஆறிப்போகும்.

உங்கள் தெருவில் பிள்ளை பெற்றவள் யாராவது இருந்தால், சூடாக ஒரு தம்ளர் ஏதாவது கொண்டுபோய்க் கொடுங்கள். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.