மஞ்சளைக் கண்டால் திரும்பும் எறும்பு

அந்தக் காலத்தில் எறும்புக்கும் வாய் இருந்தது. கடிக்க மட்டுமில்லை, பேசவும்தான். எறும்பு எல்லாமே அப்போது தவிட்டு நிறம்.

பூவாத்தாள் என்று ஒருத்தி. அவள் வீட்டில் அக்காளும் தங்கையுமாக இரண்டு எறும்புகள். அக்காள் அடுப்படியில் குடியிருந்தாள். செத்த கரப்பான், சிந்திய சோறு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய் இடத்தைச் சுத்தமாக வைப்பாள். அதற்குப் பூவாத்தாள் தினமும் ஒரு சிட்டிகை குருணை போடுவாள். அடுப்புக்கரி படிந்து படிந்து அக்காள் கன்னங்கரேலென்று ஆகிவிட்டாள்.

தங்கைக்கு வாசல்தான். பங்குனி வெயிலில் மண் கொதிக்கும். வாசல்படியில் நின்று உள்ளே பார்த்துப் பார்த்து வெந்துபோவாள். அந்தக் கரி நிறத்தின் மேல்கூட அவளுக்குப் பொறாமை.

"உள்ளே வாடி, ரெண்டு பேருக்கும் போதும்" என்பாள் அக்காள்.

"உன் மிச்சத்தைத் தின்னவா? நீ இருக்கிற எடத்துல நான் ரெண்டாவதா இருக்கமாட்டேன்."

மாரியம்மன் நோம்பி வந்தது. பூவாத்தாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தாள். பிறகு குழந்தையைக் குளிக்க வைத்து, உடம்பெல்லாம் மஞ்சள் பூசித் தூளியில் போட்டாள். உலையைப் பார்க்க அந்தப் பக்கம் திரும்பினாள்.

தங்கை விறுவிறுவென்று தூளியில் ஏறினாள். ஈர மஞ்சளுக்குள் முங்கி முங்கி நடந்து, குழந்தையின் தொடையில் நறுக்கென்று ஒரு கடி. குழந்தை வீல் என்றது. தங்கை தூளிக்கயிற்றுக்குத் தாவிக் கத்தினாள்.

"ஆத்தா! நீ சோறு போட்டு வளர்த்தவ கடிச்சுட்டு ஓடுறா பாரு!"

பூவாத்தாளுக்குக் கண் மண் தெரியவில்லை. கொதிக்கிற உலைத் தண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு அடுப்படி மூலைக்குப் போனாள்.

அக்காள் ஓடவில்லை. "ஊத்து ஆத்தா. ஊத்துறதுக்கு முந்தி என் வாயை ஒரு தரம் பாரு. மஞ்சள் பூசின பிள்ளையைக் கடிச்ச வாய் கரியாவா இருக்கும்?"

பூவாத்தாள் குனிந்து பார்த்தாள். கரிதான். துளி மஞ்சள் இல்லை. பானையைக் கீழே வைத்துவிட்டுத் தூளிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

தங்கைக்குப் பயம் பிடித்தது. கயிற்றிலிருந்து சுவருக்குத் தாவி ஓடினாள். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. மேலெல்லாம் மஞ்சள், அதன் மேல் ஈரச் சுண்ணாம்பு; இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? வெள்ளைச் சுவரில் தலையோடு கால் செக்கச்செவேலென்று நின்றாள்.

"அடியே, உனக்கு நீயே ஆரத்தி கரைச்சுக்கிட்டியா!" என்றாள் பூவாத்தாள். மஞ்சள்தூளை அள்ளித் தூளியைச் சுற்றிக் கோடு போட்டாள். "இதைத் தாண்டி வா, பார்க்கிறேன்."

அக்காள் சுவரேறிப் போய்த் தங்கையைத் துடைத்துவிடப் பார்த்தாள்.

"தொடாதே! அந்தக் கறுப்பைக் கொண்டுவந்து என் மேல பூசாதே" என்று அக்காளையும் ஒரு கடி கடித்துவிட்டு வெளியே ஓடினாள் தங்கை. சாயம் போகவேயில்லை, பொறாமையும் போகவில்லை.

அன்று முதல்தான் சிவப்பு எறும்பு கண்டவரையெல்லாம் கடிக்கிறது, மஞ்சள்தூளைக் கண்டால் மட்டும் திரும்பிக்கொள்கிறது. கறுப்பு எறும்போ எதிரே யார் வந்தாலும் ஒரு கணம் நின்று, "என் வாயைப் பார்த்துக்கோ" என்று காட்டிவிட்டுத்தான் நகர்கிறது.