தூக்கு, கொட்டு

வயலுக்கு வேலி போடலாம். வழக்கத்துக்குப் போட முடியுமா? சிவகாசியில் ஒருவன் போட்டுப் பார்த்தான்.

சண்முகக்கனி காலண்டர் அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைப்பவள். தமிழ் மென்பொருள் எழுத வந்த ஆண்டியப்பன் ஒரு மாதம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"இப்ப என்னக்கா செய்றீங்க?"

"இந்த வரியைத் தூக்கி அங்க கொட்டுறேன் தம்பி."

'கட்', 'பேஸ்ட்' என்பதற்குத் திரையிலும் 'தூக்கு', 'கொட்டு' என்றே எழுதிவிட்டான். ஒருநாள் கைதவறி அவன் தேநீரைக் கவிழ்த்ததில், கீபோர்டின் மேல்வரிசையில் நடு ஆறு கீ செத்துப்போயின. அதனால் 'தூக்கு' இடக்கோடிக்கும் 'கொட்டு' வலக்கோடிக்கும் போயின. மென்பொருள் ஊர் அச்சகங்களுக்கெல்லாம் போக, ஊரின் விரல்களெல்லாம் அப்படியே பழகிக்கொண்டன.

பத்து வருடத்தில் புதுக் கணினிகள் வந்தன. அவற்றில் அந்த மென்பொருள் ஓடவில்லை. திருத்தித் தர ஆண்டியப்பனுக்கு நேரமில்லை. கிருபாகரன் என்பவன், பழைய நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அதே திரையும் அதே கீயுமாகப் புதிதாக எழுதி இலவசமாகக் கொடுத்தான். உடனே ஆண்டியப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "திரைக்குப் பதிப்புரிமை என்னுடையது, தடை போடுங்கள்" என்று அச்சகக்காரர்களின் பஞ்சாயத்தில் நின்றான்.

அது காலண்டர் சீசன். தடை வந்தால், ஐம்பத்திரண்டு வயதில் சண்முகக்கனி விரலை மறுபடி பழக்குவதற்குள் வேலை போய்விடும். அச்சகம் அச்சகமாக ஏறி இறங்கித் தடைக்கு எதிராகக் கையெழுத்து வாங்கினாள். மனசு கேட்கவில்லைதான், ஆண்டியப்பன் அவள் கையால் சாப்பிட்ட பிள்ளை, அவன் கல்யாணப் பத்திரிகையை அமைத்தவளும் அவளே.

"சொல்லு ரெண்டும் என்னுதுன்னு நீங்க உரிமை கேளுங்கக்கா, வழக்கு முடிஞ்சிரும்" என்று கிருபாகரன் காதைக் கடித்தான். அவள் பஞ்சாயத்தில் எழுந்து ஆண்டியப்பனைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "கொட்டு ஏன் தம்பி அம்புட்டுத் தூரத்துல இருக்கு?"

பாடுபட்டவன் ஒருவன், காப்பாற்றியவன் ஒருவன், சொல் கொடுத்தவள் ஒருத்தி. அந்தத் திரை யாருக்குச் சொந்தம்?

விடை: ஒருவருக்கும் இல்லை. ஆண்டியப்பன் எழுதிய நிரல் அவனுக்கே சொந்தம், அதை யாரும் தொடவில்லை. கீ இருந்த இடமோ தேநீர் செய்த வேலை. சண்முகக்கனியும் உரிமை கேட்கவில்லை. "எங்காத்தா சொன்ன சொல்லு, எனக்கெப்படிச் சொந்தமாகும்? நெல்லைக் கொட்டினா அள்ளலாம் தம்பி, சொல்லைக் கொட்டினா அள்ள முடியுமா?" என்றாள். ஆண்டியப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவளோடு அச்சகத்துக்குப் போனான். அவள் தேநீர் கொடுத்தாள். கீபோர்டை விட்டு நாலடி தள்ளி நின்று குடித்தான்.