செந்நிறக் குறியொளி

அந்தப் பம்புசெட் கம்பெனியில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தாறு. குரு ரெஜினா, ஒன்பது வருடமாக விவசாயிகளின் போனுக்குப் பதில் சொல்பவர். சீடர் அறவாழி, அகராதிகளுக்கு மெய்ப்புப் பார்த்துக் களைத்து, மோட்டாருக்குக் கையேடு எழுத வந்தவர்.

கையேடு முடிந்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ரெஜினா கையெழுத்துப் போட்டால் மாலையே அச்சுக்குப் போகும். வாழ்நாளெல்லாம் பிறர் பிழையைத் திருத்தியவருக்கு இது முதல் சொந்த நூல். காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

“குறை ஏதும் உண்டா மேடம்?”

“வண்டியில ஏறுங்க சார்.”

அன்று போன் செய்திருந்த விவசாயி பழனாத்தாளின் தோட்டத்தில் மோட்டார் நின்றுபோயிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரெஜினா கையேட்டைப் பழனாத்தாளிடம் கொடுத்தார். அறவாழி மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். தன் புத்தகத்தை ஒருவர் பிரிப்பதை அவர் இதுவரை பார்த்ததில்லை.

பழனாத்தாள் கடைசிப் பக்கத்துக்குப் போனார். பொருளடைவில் விரலை ஓட்டினார்.

“செவப்பு லைட்டுன்னு ஒண்ணும் காணமுங்களே.”

“செந்நிறக் குறியொளி என்று பாருங்கள் அம்மா.”

“அது எந்தூரு லைட்டுங்க?”

“எண்பத்தேழாம் பக்கம். வெப்ப மிகுசுமைத் துண்டிப்பு.”

பழனாத்தாள் புத்தகத்தைப் பெட்டிமேல் வைத்தார். “தண்ணியில்லாம மஞ்சள் காயுதுங்க. சித்த தள்ளி நில்லுங்க சார், சொவுரு மறைக்குது.”

அறவாழி நகர்ந்தார். அவர் முதுகு மறைத்த இடத்தில் கரியால் எழுதியிருந்தது:

செவப்பு லைட்டு எரிஞ்சா ஆப் பண்ணு. வெத்தல போட்டு மென்னு துப்பு. கருப்பு பட்டன அமுக்கு. ஆன் பண்ணு.

பழனாத்தாள் அணைத்தார். வெற்றிலை மடித்தார். மூவரும் காத்திருந்தார்கள். துப்பிவிட்டு வந்து கருப்புப் பட்டனை அமுக்கி ஆன் செய்தார். மோட்டார் உறுமியது, வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது.

அறவாழி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளினார். “ஐந்து நிமிடம். மேடம், மிகச் சரியாக ஐந்து நிமிடம். வெப்பம் தணிய ஐந்து நிமிடம் என்று நானும் அதையேதான் எழுதியிருக்கிறேன். இதை எழுதியவர் யார்?”

“நாந்தானுங்க,” என்றார் பழனாத்தாள். “இந்த ரெஜினா கண்ணு போன்ல சொல்லச் சொல்ல எழுதுனேன். உங்க சட்டையில பாதி ஒட்டிக்கிச்சு பாருங்க.”

அறவாழி சட்டையைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்தார். நான்கு வரி. இன்னொரு முறை எண்ணினார். நான்குதான்.

“அப்படியென்றால் என் புத்தகம், மேடம்?”

ரெஜினா ஜன்னல் விளிம்பிலிருந்த கரித்துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“எதிர்ச் சுவர் காலியாத்தான் இருக்கு. மொதல் பக்கத்திலிருந்து எழுதுங்க சார். கை வலிக்கிற வரைக்கும் எவ்வளவு வருதோ, அவ்வளவுக்குக் கையெழுத்துப் போடறேன்.”