கேபிளைப் பிடுங்கிய பிறகும்

கோவையில் காதுக் கருவி செய்யும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று. அங்கே நஸ்ரின்தான் குரு. சீடன் தணிகைவேல் அவரைவிட வயதில் மூத்தவன். நல்ல சம்பளத்தை உதறிவிட்டு அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவன்.

தறிச் சத்தத்தை வடிகட்டி, பேச்சை மட்டும் பெரிதாக்கித் தரும் கருவியை அவன் செய்துகொண்டிருந்தான். சோமனூரில் விசைத்தறி ஓட்டி ஓட்டியே காது மந்தமாகிப்போன அங்கமுத்துவுக்காக. "இனி நீ பேசறது அப்பாவுக்குக் கேக்கும். கூட்டிட்டு வா" என்று அவருடைய மகளிடம் வாக்குக் கொடுத்திருந்தான். இருவரும் வந்து வெளியே காத்திருந்தார்கள்.

மேசைமேல் கோடெக் போர்டு. மைக்கில் வரும் ஒலியை அது எண்களாக மாற்றும். எண்களைத் திரும்ப ஒலியாக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கும். நடுவில் ஒரு பட்டைக் கேபிள் கணினிக்குப் போகிறது. அந்த வழியாகப் போய்த்தான் ஒலி வடிகட்டப்பட்டுத் திரும்ப வேண்டும்.

"மேடம், எல்லாம் முடிஞ்சுதுங்க. மணியாட்டம் கேக்குது. அவரைக் கூப்பிடட்டுங்களா?"

"எப்படிச் சோதிச்சீங்க?"

"நானே பேசித்தானுங்க. இதே ரூம்ல."

வெளிச்சத்தம் புகாத அறை அது. கதவைச் சாத்தினால் ஈ பறப்பதுகூடக் கேட்கும். அங்கே தறிக்கு எங்கே போவது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

நஸ்ரின் சிரிக்கவில்லை. "ஹெட்போனை மாட்டிட்டுப் பேசுங்க. நிறுத்தாம பேசுங்க."

"ஹலோ, மைக் டெஸ்ட்டிங். ஒன், டூ, த்ரீ. கேக்குதுங்க மேடம். அவ்வளவு சுத்தமா..."

நஸ்ரின் பட்டைக் கேபிளைப் பிடுங்கி அவன் கண்ணெதிரே நீட்டினார்.

"...கேக்குது" என்று அவன் சொல்லி முடித்தான். சொன்னது ஹெட்போனிலும் கேட்டது. அப்புறம்தான் கேபிளைப் பார்த்தான்.

மெல்ல, "ஒன்" என்றான். கேட்டது. "டூ." அதுவும் கேட்டது.

"இது எப்படிங்க மேடம்?"

"பைபாஸ். வேலை ஆரம்பிச்ச முதல் நாள் மைக்கையும் ஹெட்போனையும் சரிபார்க்க, கணினிக்குப் போகாம போர்டுக்குள்ளேயே ஒரு நேர்வழியைத் திறந்தீங்க. மூடலை. நீங்க பேசினது நேரா உங்க காதுக்கே வந்திட்டிருக்கு."

"அப்ப நான் எழுதின ப்ரோகிராம்?"

"இதுவரைக்கும் உங்களுக்குக் கேட்டது எதுவும் அதுல இருந்து வந்ததில்லை."

தணிகை கணினித் திரையைப் பார்த்தான். இத்தனை வாரமாகக் கேட்டுக் கேட்டுப் பூரித்தது வெறும் தன் குரலைத்தானா? ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டான். தன்மேல் வந்த ஆத்திரத்தில் போர்டுக்கு மின்சாரம் வரும் வயரையும் பிடுங்கி எறிந்தான். போர்டிலிருந்த சின்ன விளக்கு அணைந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. காத்திருந்து பொறுக்காமல் அங்கமுத்துவே உள்ளே வந்துவிட்டார். இருவரையும் கும்பிட்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாங்கண்ணே! கழட்டிருங்க!" தணிகை பதறினான்.

அங்கமுத்து அவன் வாயசைவையே பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேக்குதுங்க சார். நல்லாக் கேக்குது. எனக்காக ரொம்பப் பாடுபட்டிருக்கீங்க."

வாசலில் நின்ற மகள் அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில்.

தணிகை போர்டைப் பார்த்தான். செத்துக்கிடந்தது. இதையே பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தால்? சாகும்வரை மாட்டிக்கொண்டு, கேட்கிறது என்றே சொல்லியிருப்பாரே மனுஷன்.

"மேடம், கரண்டே இல்லை. நான் வேண்டாம்னு கத்தறேன். அவர் கேக்குதுங்கறார். அந்தப் பதில் எங்கிருந்துங்க வந்துச்சு?"

நஸ்ரின் அங்கமுத்துவின் தலையிலிருந்து ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார்.

"உங்களை நோகடிக்கக்கூடாதுன்னு, உங்க முகத்தில இருந்து நேரா அவர் வாய்க்கு வந்திருச்சு. காதுப் பக்கம் போகவே இல்லை."