எல்லாமே கறுப்பு வயர்

“ஒரு கம்ப்யூட்டர் நின்னா ஆறும் நிக்குது. ஏன்?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டார் மாசிலாமணி. நாற்பது வருடமாகத் தொழிற்சங்கக் கூட்டங்களில் பேசிப் பழகிய குரல். தெருமுனை வரை கேட்டது.

ஃபிலோமினா அவரைவிட இருபது வயது இளையவள். ஒரு கம்பெனியின் கணினி அறைக்கு மின்வேலை பார்த்தவள். மேலதிகாரியைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியே வந்தவள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளிடம் பாடம் கேட்கச் சம்மதித்திருந்தார் மாசிலாமணி.

“எங்கே சொருகியிருக்கீங்க?”

“ஜங்ஷன் பாக்ஸ்ல.”

“ஆறுமா?”

“ஆறும். ஃபேனும் அதுலதான். டீ போடற கெட்டிலும்.”

“தலைவரே, ஆறு பேருக்கு ஒரே மூக்கு வெச்சிருக்கீங்க. போங்க.”

அவ்வளவுதான். வாசலைக் காட்டினாள்.

போகும் வழியெல்லாம் முனகினார். அவருக்குக் கோபம் வர ஆயிரம் காரணம் இருந்தது. தோல் கையுறை ஆலையைப் பூட்டிவிட்டு, நஷ்டம் என்கிறான் முதலாளி. தைத்துத் தைத்து விரல் மரத்த பெண்கள் சுற்றுப்பட்ட ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிறார்கள். டிவிக்காரன் வந்தான், முதலாளி வீட்டுக் காபியைக் குடித்தான், போனான். அதனால்தான் வானொலி. அலுவலகங்கள் கழித்துப்போட்ட, சாப்பாட்டு டப்பா அளவுள்ள குட்டிக் கணினிகள் ஆறு அதை ஓட்டுகின்றன; ஒன்று மட்டும் கொஞ்சம் குண்டு, நிகழ்ச்சியெல்லாம் அதில்தான். எல்லாருடைய செல்போனிலும் கேட்கும். தையல் இயந்திரங்களை அள்ளிக்கொண்டு போக எந்த நேரமும் லாரி வரும். வந்த உடனே வானொலி சொல்ல வேண்டும், பெண்கள் வந்து வாசலை மறிக்க வேண்டும். இயந்திரம் போனால் போராட்டமும் போச்சு.

மூக்கைப் பிரித்தார். மூன்று கணினி ஒரு சுவரில், மூன்று எதிர்ச்சுவரில். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி யுபிஎஸ். தரையில் பாம்புக் குவியலாய்க் கிடந்த வயர்களை நீவி, சைக்கிள் டியூபை வெட்டி வரிசையாகக் கட்டினார். மே தின ஊர்வலம்கூட அவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

மறுபடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“நேத்து நான் ஊர்ல இல்ல. குண்டுப் பெட்டியோட பிளக் கழண்டிருக்கு. நாள் முழுக்க வானொலி ஊமை! ரூம்ல நம்ம ஆலைப் பொண்ணுங்க பச்சையம்மா இருந்தா, ஷாகிரா இருந்தா. ஒருத்தி கை வெக்கல!”

“ஏன் வெக்கல?”

“வெக்கக்கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேன்.”

ஃபிலோமினா அவரைப் பார்த்தாள்.

“ஒரு கட்டுப்பாடு வேணாமா தோழர்?” என்றார்.

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அறைக்குள் வந்ததும் சுவரோரம் குந்தி, வயர்க் கட்டுகளைக் கையால் தடவிப் பார்த்தாள். மாசிலாமணி பாராட்டுக்குக் காத்திருந்தார்.

“எதுலயும் பேர் எழுதலையே?”

“எனக்குத்தான் தெரியுமே.” ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஃபிலோமினா திரும்பினாள். “பச்சையம்மா, இது எங்கே போகுது?”

“எனக்கு எப்டிங்க தெரியும்? நாங்க பெருக்குறதோட சரி. ஐயா எழுதுவாரு, ஐயாவே பேசுவாரு. எங்க கதைய எங்களுக்கே நல்லா சொல்லுவாரு.”

ஷாகிரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணே, ஒரு நிமிஷம் வெளியே வாங்க” என்றாள் ஃபிலோமினா.

வந்தார். அவள் வரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பிளேடு ரப்பரை அறுக்கும் சத்தம். பிறகு பிளக்குகள் பிடுங்கப்படும் சத்தம், ஒவ்வொன்றாக. கணினிகளின் முனகல் அடங்கியது.

“ஏய்! என்ன பண்ற?”

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. ஆலைக்கு எதிரே டீ போடுகிறவர்.

“தலைவரே, லாரி வந்துடுச்சு. கேட்டைத் திறக்குறானுங்க.”

மாசிலாமணி கதவை உதைத்தார். “லாரி வந்துட்டான்! திற! கருங்காலி! எவன்கிட்ட வாங்கித் தின்ன? திறடி கருங்காலி!”

உள்ளே பெண்கள் அலறினார்கள். அதற்கு மேலே ஃபிலோமினாவின் குரல், பதறாமல்:

“குண்டுப் பெட்டிக்கு முதல்ல கரண்ட் கொடுக்கணும். அதுலதான் எல்லாம் இருக்கு. மத்தது அப்புறம். ரெண்டு பேரும் பாருங்க. நான் தொடமாட்டேன்.”

“அய்யோ, அதோட பிளக்கு எதுன்னு தெரியலையேக்கா!” ஷாகிராவின் குரல்.

“கறுப்பு வயர்!” என்று கத்தினார் மாசிலாமணி. “இடது பக்கம், கறுப்பு வயர்!”

“எல்லாமே கறுப்புதான்யா!” என்று திருப்பிக் கத்தினாள் பச்சையம்மாள். அவரை நோக்கி அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

“அதுல மூணாவது...”

“வாய மூடுங்க கொஞ்சம்! ஷாகிரா, நான் பெட்டிகிட்ட இழுக்குறேன். உன் பக்கம் எது ஆடுது?”

“ஆடல.”

“இப்போ?”

“ஆடுது! ஆடுதுக்கா, இதான்!”

“சொருகு. விடாத, அடுத்தது.”

மாசிலாமணி கதவில் கையை வைத்தபடி நின்றார். என்ன பேச வேண்டும் என்பது அவர் நாக்கில் தயாராக இருந்தது. ‘அன்பார்ந்த தோழர்களே, வரலாற்றின் இந்த நெருக்கடியான தருணத்தில்...’

கையிலிருந்த செல்போனில் வானொலி கரகரத்தது.

“ஏய் பொம்பளைங்களா!”

பச்சையம்மாள்.

“லாரி வந்துட்டான்டி! உலையை எறக்கி வெச்சுட்டு ஓடியாங்க! தேன்மொழி, உன் மிஷினை ஏத்துறான், கேக்குதா? ஒம்போது வருஷம் நீ மிதிச்ச மிஷின்! நீ நோவுல படுத்தப்போ ஒரு நாள் லீவு தராத நாயி, இப்போ தூக்கினு போறான்! வாங்கடி!”

அப்படிப்பட்ட வார்த்தைகளை அவர் வானொலியில் ஒருநாளும் விட்டதில்லை.

எதிர்வீட்டுக் கதவு படீரென்று திறந்தது. கையில் மாவு ஒட்டியபடி ஒருத்தி ஓடினாள். அடுத்த சந்திலிருந்து இருவர். பிறகு தெரு முழுக்க வெறுங்கால் சத்தம். அவரைத் தாண்டி ஓடினார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்போனில் இப்போது ஷாகிரா பேசிக்கொண்டிருந்தாள். எந்த ஊர்க்காரிகள் எந்த வழியாக வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரிடம் யாரும் கேட்காமலே.

தெரு காலியானது. பிறகு, உதைத்த அதே கதவை விரலால் தட்டினார்.

“நான் உள்ளே வரலாமா?”

“எதுக்கு?”

அது ஃபிலோமினாவின் குரல் இல்லை.